பாக்டீரியாப் புரதத்தில் செலினியம்: ஒட்டிக்கொள்வது வேறு, அமர்த்தப்படுவது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பதிப்பின் அறிவியல் பக்கத்தில் பாக்டீரியாப் புரதங்களில் செலினியம் என்ற தனிமம் அமர்வதை ஆராய்ந்த அமெரிக்க உயிர்வேதியியலாளர் திரெசா ஸ்டாட்மன் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தோம். வாழ்நாளின் பெரும்பகுதியை ஆக்சிஜன் பட்டால் மடியும் பாக்டீரியாக்களோடு கழித்த ஒரு பெண் ஆய்வாளருக்குத் தமிழ் நாளிதழில் அரைப்பக்கம் கிடைத்தது மனநிறைவு தருகிறது. ஆனால் கட்டுரையில் இரண்டு பெரிய பிழைகள் உள்ளன. ஒன்று வாசகரின் உடம்போடு விளையாடக்கூடியது. மற்றொன்று அந்த ஆய்வின் கருவையே மாற்றிவிடுகிறது.

உடம்பு சம்பந்தப்பட்டதை முதலில் சொல்லிவிடுகிறோம். கட்டுரையின் கடைசிப் பத்தியில் செலினியம் மாத்திரையின் அளவு ‘200 மி.கி.’ என்று அச்சாகியிருக்கிறது. அது 200 மைக்ரோகிராம் என்று இருக்க வேண்டும். ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம் உண்டு. அமெரிக்காவில் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு நாளுக்கு 55 மைக்ரோகிராம். தாண்டக்கூடாத மேல் எல்லை 400 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் அந்த எல்லையை 255ஆகக் குறைத்தது. அச்சான கணக்கை அப்படியே நம்பினால், அமெரிக்க மேல் எல்லையைப்போல் ஐந்நூறு மடங்கு உள்ளே போகும். இது வெறும் காகிதக் கணக்கல்ல. 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில் குறிப்பிட்டதைவிட ஏறத்தாழ 200 மடங்கு செலினியம் தவறுதலாகக் கலந்துவிட்டது. பத்து மாநிலங்களில் 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். வயிற்றுப்போக்கு, களைப்பு, மூட்டுவலி, கொத்துக்கொத்தாக முடி உதிர்தல், நகம் உடைதல் என்று பலரும் பல வாரங்கள் அவதிப்பட்டார்கள்.

மாத்திரை தேவையா என்பதே தனிக் கேள்வி. மீன், முட்டை, கோழி ஆகியவை நம் வீட்டுச் சமையலில் தவறாமல் இருக்கின்றன. மூன்றிலும் செலினியம் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,533 ஆண்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வில் நாளுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் புராஸ்டேட் புற்றுநோயைக் குறைக்கவில்லை. 2008இல் மாத்திரை கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். எந்தக் காரணத்துக்காகவாவது வாங்கத்தான் வேண்டும் என்றால், பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். அளவு எந்த அலகில் உள்ளது என்பதையும் படியுங்கள். இந்தத் திருத்தத்தை, கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது பிழைக்கு வருவோம். ‘கந்தகம் கிடைக்காத இடத்தில் பாக்டீரியா செலினியத்தைப் போட்டுச் சமாளிக்கிறது’ என்ற பொருள்பட ஒரு வரி உள்ளது. ஸ்டாட்மன் காட்டியது இதற்கு நேர் எதிரானது. கந்தகம் தாராளமாக இருக்கும்போதும், குறிப்பிட்ட சில புரதங்களில், குறிப்பிட்ட ஒரே இடத்தில், மரபணுவின் கட்டளைப்படி செலினியம் அமர்த்தப்படுகிறது. கந்தகத்தோடு அடையாளம் குழம்பிச் செலினியம் புரதத்துக்குள் நுழைந்துவிடுவதும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வேறு வழி. இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் அந்த ஆய்வகத்துக்கு அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

குழப்பம் ஏன் வருகிறது என்பது தனிம அட்டவணையைப் பார்த்தாலே புரியும். கந்தகத்தின் அணு எண் 16. அதற்கு நேர் கீழே 34இல் செலினியம். இரண்டும் ஒரே குடும்பம். 1817இல் சுவீடனில் ஒரு கந்தக அமிலத் தொழிற்சாலையின் வண்டலில்தான் வேதியியலாளர் பெர்சீலியஸ் செலினியத்தைக் கண்டெடுத்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் இது நஞ்சு என்ற பெயரையே சுமந்தது. 1930களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கால்நடைகள் குளம்பு கழன்று மடிந்ததற்குக் காரணம், தீவனத்தில் ஏறியிருந்த செலினியம்தான் என்று தெரியவந்தது.

நஞ்சு என்று பெயரெடுத்த பொருள் உயிருக்கு வேண்டியதும்கூட என்ற முதல் தடயம் பாக்டீரியாவிலிருந்துதான் வந்தது. 1954இல் ஆய்வாளர் ஜேன் பின்சென்ட், குடலில் வாழும் ஈ.கோலி வகை பாக்டீரியாக்கள் ஃபார்மிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதியை உருவாக்க மிகச் சிறிதளவு செலினைட்டும் (செலினிய உப்பு) மாலிப்டேட்டும் (மாலிப்டின உப்பு) வேண்டும் என்று காட்டினார். விலங்குகளுக்கும் செலினியம் தேவை என்று எலிகளைக் கொண்டு கிளாஸ் ஷ்வார்ட்ஸ் காட்டியது அதற்கு மூன்றாண்டு பிந்தி, 1957இல். தங்கள் கட்டுரை இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறது.

ஸ்டாட்மன் கையிலெடுத்தது கிளாஸ்ட்ரிடியம் ஸ்டிக்லாண்டி. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரிய சேற்றிலிருந்து அவரே பிரித்தெடுத்த பாக்டீரியா அது. பினாங்கின் பாலிக் பூலாவ் பக்கம் கண்டல் காட்டுச் சேற்றில் காலை வைத்தவருக்கு, ஆக்சிஜன் இல்லாத சேறு எப்படி இருக்கும் என்று நாங்கள் விளக்க வேண்டியதில்லை. அந்த பாக்டீரியா கிளைசின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைத்து ஆற்றல் பெறுகிறது. அதற்கான நொதித் தொகுதி கிளைசின் ரிடக்டேஸ். அதில் ‘ஏ’ என்று பெயரிட்ட சிறிய புரதம் செலினியத்தைத் தாங்கியிருப்பதை 1973இல் டர்னரோடு சேர்ந்து அறிவித்தார். செலினியம் எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்ல இன்னும் மூன்றாண்டு ஆயிற்று. 1976இல் விடை வந்தது: செலினோசிஸ்டைன். சிஸ்டைனில் கந்தகம் உள்ள இடத்தில் செலினியம். மற்ற எல்லாம் அப்படியே.

அந்த மூன்றாண்டு ஏன் பிடித்தது என்பதில் ஆய்வகப் பாடம் ஒன்று இருக்கிறது. புரதத்தில் என்னென்ன அமினோ அமிலங்கள் உள்ளன என்று பார்க்க, 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரி செல்சியஸில் சுமார் 24 மணி நேரம் வேகவைப்பது வழக்கம். செலினோசிஸ்டைனை அப்படியே வேகவைத்தால் அது சிதைந்து செலினியம் பிரிந்துபோகும். ஆய்வாளர் கையில் மிஞ்சுவது வெறும் குப்பை. ஆகவே முதலில் புரதத்தை ஒடுக்கி, செலினியத்தின் மேல் அல்கைல் தொகுதி (கார்பனும் ஹைட்ரஜனும் கொண்ட சிறு துண்டு) ஒன்றை மூடியாக ஏற்றி, அதன்பிறகே அமிலத்தில் இட வேண்டும். கதிரியக்கச் செலினியம்-75 ஏற்றிய புரதத்தில் அவர்கள் இப்படிச் செய்து, கிடைத்த பொருள், கலவையைக் கூறுகளாகப் பிரிக்கும் நிறப்பிரிகையில், தனியே தயாரித்த மாதிரிப் பொருளோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். ஒரே மூடியைப் போட்டுப் பார்த்து நிறுத்தவில்லை. வெவ்வேறு மூடிகளைப் போட்டு ஒவ்வொன்றிலும் பொருத்தம் பார்த்தார்கள். அதனால்தான் அந்த முடிவு இன்றும் அசையாமல் நிற்கிறது.

அடுத்த கேள்வி மரபணுவைப் பற்றியது. இருபது அமினோ அமிலங்களுக்கும் மூன்றெழுத்துக் குறிகள் ஒதுக்கப்பட்டுவிட்டன. யு.ஏ.ஏ., யு.ஏ.ஜி., யு.ஜி.ஏ. மூன்றும் ‘நிறுத்து’ என்ற குறிகள். அப்படியானால் செலினோசிஸ்டைனுக்கு இடம் எங்கே? 1986இல் எலியின் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதியின் மரபணுவிலும், மியூனிக்கில் ஆகஸ்ட் பாக் குழு ஸ்டாட்மனோடு சேர்ந்து ஆராய்ந்த ஈ.கோலியின் ஃபார்மேட் டிஹைட்ரஜனேஸ் (பின்சென்ட் ஆராய்ந்த, ஃபார்மிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதி) மரபணுவிலும், புரதத்தின் நடுவிலேயே யு.ஜி.ஏ. நின்றது. நிறுத்தற்குறி நடுவில் இருந்தும் புரதம் நிற்காமல் முழுதாக உருவாகிறது. அந்த இடத்தில் செலினோசிஸ்டைன் அமர்கிறது.

மியூனிக் குழு இதை உறுதிசெய்த விதம் எளிமையானது, அழகானது. யு.ஜி.ஏ. உள்ள மரபணுத் துண்டுக்குப் பின்னால் பீட்டா-கேலக்டோசிடேஸ் என்ற நொதியின் மரபணுவைக் கோத்தார்கள். புரதத்தைக் கோக்கும் ரைபோசோம் யு.ஜி.ஏ.வைத் தாண்டினால்தான் பின்னால் உள்ள நொதி உருவாகும். ஊடகத்தில் செலினியம் இருந்தபோது நொதி வந்தது, இல்லாதபோது வரவில்லை. யு.ஜி.ஏ.வைச் சிஸ்டைனின் குறியாக மாற்றியதும் செலினியம் இல்லாமலே வந்தது. தடை அந்த மூன்றெழுத்தில்தான், திறவுகோல் செலினியத்தில்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாக்டீரியாவில் இந்த வேலையை நான்கு மரபணுக்கள் செய்கின்றன: செல்-ஏ, செல்-பி, செல்-சி, செல்-டி. (இந்தச் ‘செல்’ செலினியத்தின் முதலெழுத்துகள், உயிரணு என்று பொருள் கொள்ள வேண்டாம்.) செல்-சி தருவது புரதமல்ல, அமினோ அமிலத்தைச் சுமந்துவரும் ஒரு கடத்து ஆர்.என்.ஏ. 95 எழுத்துகள் கொண்டது, ஈ.கோலியின் கடத்து ஆர்.என்.ஏ.க்களில் மிக நீளமானது. அதன்மேல் முதலில் ஏற்றப்படுவது செரின் என்ற சாதாரண அமினோ அமிலம். செல்-டி புரதம் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூற்றைச் செலவழித்துச் செலினைடைச் செலினோபாஸ்பேட்டாக மாற்றிக் கொடுக்கிறது. செல்-ஏ அதை வாங்கி, கடத்து ஆர்.என்.ஏ.யின் மேல் உட்கார்ந்திருக்கும் செரினையே செலினோசிஸ்டைனாக மாற்றிவிடுகிறது. இந்த வழியில் எந்தக் கட்டத்திலும் செலினோசிஸ்டைன் தனி மூலக்கூறாக உயிரணுவுக்குள் அலைவதில்லை. அலைந்தால், சிஸ்டைன் போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் அது போய்விடும்.

மிச்சம் செல்-பி. சாதாரண கடத்து ஆர்.என்.ஏ.க்களை ரைபோசோமுக்கு அழைத்துச் செல்லும் பொதுக் காரணி இ.எஃப்.-டி.யு. செலினோசிஸ்டைனைச் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ.யை அது ஏற்பதில்லை. அதற்கென்றே தனியாக அமைந்தது செல்-பி. அது கூடவே, மரபணுவின் நகலான தூது ஆர்.என்.ஏ.யில் யு.ஜி.ஏ.வை அடுத்துள்ள கொண்டை ஊசி வடிவ மடிப்பையும் பிடித்துக்கொள்கிறது. அந்த மடிப்பு உள்ள இடத்தில்தான் யு.ஜி.ஏ. ‘செலினோசிஸ்டைனைப் போடு’ என்று படிக்கப்படும். மடிப்பு இல்லாத மற்ற எல்லா இடங்களிலும் வழக்கம்போல் ‘நிறுத்து’தான். மனித உயிரணுவில் இந்த மடிப்பு யு.ஜி.ஏ.வுக்குப் பக்கத்தில் இல்லை, தூது ஆர்.என்.ஏ.யின் வால் பகுதியில், குறியீடு முடிந்த பிறகு இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் மனித மரபணுவை அப்படியே ஈ.கோலியில் போட்டவர்களுக்குக் கிடைத்தது பாதியில் அறுந்த புரதம்தான்.

இத்தனை ஏற்பாடு எதற்காக என்று வாசகர் கேட்கலாம். சிஸ்டைனின் கந்தகத் தொகுதிக்கு பி.கே.ஏ. (எந்த அமிலக்கார அளவில் புரோட்டானை விடும் என்பதைச் சொல்லும் எண்) சுமார் 8.3, செலினோசிஸ்டைனுக்குச் சுமார் 5.2. உயிரணுவின் உட்புறம் நடுநிலைக்கு அருகில் இருப்பதால், அங்கே சிஸ்டைன் பெரும்பாலும் புரோட்டானைப் பிடித்தபடி சும்மா இருக்கும். செலினோசிஸ்டைன் அதை இழந்து, எதிர்மின்னேற்றத்தோடு வினைக்கு ஆயத்தமாக நிற்கும். ஈ.கோலியின் ஃபார்மேட் டிஹைட்ரஜனேஸ்-எச் நொதியில் 140ஆவது இடத்தில் இருக்கும் செலினோசிஸ்டைன், மாலிப்டினத்தை நேரடியாகப் பற்றியிருக்கிறது. அந்த ஓர் அணுவை மட்டும் கந்தகமாக மாற்றினால் நொதியின் வேகம் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்காகச் சரிகிறது.

இப்போது மற்றொரு வழி: அடையாளம் குழம்பி நுழைவது. இதிலும் இரண்டு வாசல்கள் உண்டு. மெத்தியோனினில் கந்தகத்துக்குப் பதில் செலினியம் இருந்தால் அது செலினோமெத்தியோனின். மெத்தியோனினை ஏற்றும் நொதிக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, ஏ.யு.ஜி. என்ற குறி உள்ள எல்லா இடத்திலும் அதை ஏற்றிவிடும். மெத்தியோனினைத் தானே செய்துகொள்ள முடியாத ஈ.கோலி வகை ஒன்று, செலினோமெத்தியோனினை மட்டும் வைத்தே வளர்கிறது என்று 1957லேயே கோவியும் கோகனும் காட்டிவிட்டார்கள். இரண்டாவது வாசல் சிஸ்டைன் உருவாகும் பாதை. செலினைட் மிகுந்தால் சல்ஃபைடு நுழையும் இடத்தில் செலினைடு நுழைந்து, தனிச் செலினோசிஸ்டைன் உருவாகி, சிஸ்டைனின் குறிகளில் கண்டபடி அமரும். இந்த இரண்டிலும் யு.ஜி.ஏ. இல்லை, செல்-பி இல்லை, கட்டளையும் இல்லை. தங்கள் கட்டுரை இதை எடுத்துக்கொண்டு ஸ்டாட்மனின் கண்டுபிடிப்பு என்று எழுதிவிட்டது.

எது எந்த வழியில் வந்தது என்று ஆய்வகத்தில் எப்படிப் பிரிப்பது? பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பல்கலைக்கழக ஆய்வகங்களில் உள்ள நம் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதைச் சற்று விரித்து எழுதுகிறோம்.

குடிநீரில் கோலிஃபார்ம் (ஈ.கோலியும் அதன் உறவு பாக்டீரியாக்களும்) இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகங்களில் டர்ஹாம் குழாய் எல்லாருக்கும் பழக்கம். பிராத் என்ற திரவ ஊடகம் நிறைந்த சோதனைக்குழாய்க்குள் சிறு குழாயைக் கவிழ்த்து வைத்து, அதில் வாயுக் குமிழ் சேர்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த வாயு ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும். சர்க்கரை நொதித்து ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு வடிவம்) ஆகி, ஃபார்மேட்டை மேலே சொன்ன அதே செலினிய நொதி சிதைப்பதால்தான் அது வருகிறது. ஆகவே குமிழைப் பார்த்து நாம் நீரின் தரத்தை முடிவுசெய்யும் ஒவ்வொரு முறையும், ஓர் யு.ஜி.ஏ. சரியாகப் படிக்கப்பட்டிருக்கிறது என்பதே பொருள்.

இதையே செலினியச் சோதனையாக மாற்றலாம். தீங்கற்ற கே-12 ஆய்வக வகை ஈ.கோலியையே பயன்படுத்துங்கள். பெரும்பாலோர் இடறும் இடம் ஊடகம். ஈஸ்ட் சாறும் டிரிப்டோனும் கலந்த ஊடகத்தில் ‘செலினியம் சேர்த்தது’, ‘சேர்க்காதது’ என்று இரண்டு குழாய் வைத்தால் இரண்டிலும் குமிழ் வரும். ஏனென்றால் அந்தச் சாறுகளிலேயே போதிய செலினியம் இருக்கிறது. தூய உப்புகளும் 0.4 விழுக்காடு குளுக்கோஸும் மட்டும் கொண்ட ஊடகம் வேண்டும். அமிலக்காரத் தன்மை 6.5 அளவில். குழாய் நீர் கூடாது. மும்முறை வடித்த நீரோ அதற்கு நிகரான தூய நீரோ வேண்டும். விதைக்கும் பாக்டீரியாவைக் கழுவி, செலினியம் இல்லாத ஊடகத்தில் இரண்டு முறையாவது வளர்த்தெடுத்த பிறகே சோதனையில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஊடகத்திலிருந்து கொண்டுவந்த சேமிப்பே குமிழ் விடும். குழாயை விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். காற்று இருந்தால் இந்த நொதி உருவாகாது. நைட்ரேட்டும் இதை அடக்கிவிடும். 37 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

சேர்க்க வேண்டிய செலினைட் லிட்டருக்கு 1 மைக்ரோமோல், தாராளமாகப் போதும். நீரற்ற சோடியம் செலினைட்டில் 17.3 மில்லிகிராமை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். அதில் 1 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் ஊடகத்தில் விடுங்கள். குப்பியின் லேபிளைக் கட்டாயம் பாருங்கள்: ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த வகையாக இருந்தால் 26.3 மில்லிகிராம் எடை போட வேண்டும். சோடியம் மாலிப்டேட்டும் அதே 1 மைக்ரோமோல். இரண்டு நீர் மூலக்கூறு கொண்ட வகையில் 24.2 மில்லிகிராம், 100 மில்லிலிட்டருக்கு. இவ்வளவு செய்தும் குமிழ் வராவிட்டால் உடனே செலினியத்தைக் குறை சொல்லாதீர்கள். வாயு உருவாகக் கூடவே வேண்டிய ஹைட்ரஜனேஸ் நொதிக்கு நிக்கல் தேவை. செலினியம், மாலிப்டினம், நிக்கல் மூன்றில் ஒவ்வொன்றையாக விட்டுவிட்டு வைத்த குழாய்களும் பக்கத்தில் இருந்தால்தான் முடிவைச் சொல்ல முடியும்.

தட்டில் பார்க்க விரும்புவோருக்குப் பென்சைல் வயலஜன் முறை உண்டு; நொதி வேலை செய்தால் நிறம் கொள்ளும் சாயம் அது. 0.5 விழுக்காடு குளுக்கோஸ், 1 மைக்ரோமோலார் செலினைட், அதே அளவு மாலிப்டேட் சேர்த்த அகார் தட்டில், காற்றில்லா ஜாடிக்குள் ஓரிரவு வளர்க்க வேண்டும். மேலே ஊற்றும் கரைசலில் 0.75 விழுக்காடு அகார், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் பென்சைல் வயலஜன், 0.25 மோலார் சோடியம் ஃபார்மேட் (100 மில்லிலிட்டருக்கு 1.7 கிராம்), 25 மில்லிமோலார் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் (100 மில்லிலிட்டருக்கு 0.34 கிராம்) இருக்க வேண்டும். 45 முதல் 50 டிகிரிக்கு ஆறிய பிறகு மெல்லப் பரப்பினால், நொதி உள்ள பாக்டீரியாத் திட்டுகள் ஊதா நிறம் கொள்ளும். செல் மரபணு பழுதான திட்டுகள் வெண்மையாகவே நிற்கும். காற்று பட்டால் ஊதா மறைந்துவிடும் என்பதால் படம் எடுக்க நேரம் கடத்த வேண்டாம். காற்றில் வளர்த்த தட்டைக் கொண்டுவந்து ‘நிறம் வரவில்லை’ என்று வருந்துவோர் ஒவ்வொரு தொகுதி மாணவரிலும் உண்டு. ஒப்பிடப் பழுதான வகை வேண்டுமானால் ஜப்பானின் கெயோ தொகுப்பில் செல்-ஏ, செல்-பி நீக்கிய வகைகள் உள்ளன. செல்-சி-யை அதில் தேட வேண்டாம். புரதத்தைக் குறிக்கும் மரபணுக்களை மட்டுமே அந்தத் தொகுப்பு நீக்கியிருக்கிறது.

மூன்றாவது முறை, ஸ்டாட்மன் கையாண்ட செலினியம்-75. அரை ஆயுள் ஏறத்தாழ 120 நாள். காமாக் கதிர் வீசுவதால் ஈயத் தடுப்பு வேண்டும், மலேசியாவில் 1984 அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் உரிமமும் வேண்டும். ஏற்றிய ஈ.கோலிப் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்க ஜெல்லில் ஓட்டினால், கட்டளைப்படி அமர்ந்தவை ஏறத்தாழ 80, 110 கிலோடால்டன் அளவில் தெளிவான பட்டைகளாகத் தெரியும். ஈ.கோலியில் செலினியப் புரதங்கள் மொத்தம் மூன்றே; மூன்றும் ஃபார்மேட் டிஹைட்ரஜனேஸ்கள். பட்டைகளுக்குப் பதிலாக மேலிருந்து கீழ்வரை கறுப்பாக வழிந்திருந்தால் அது இரண்டாம் வழி. அப்போது செலினைட்டைக் குறைத்து, ஊடகத்தில் சிஸ்டைனைச் சேர்த்துத் திரும்பச் செய்ய வேண்டும். சிஸ்டைன் இருந்தால் அதை உருவாக்கும் பாதை அடங்கி, செலினியம் அந்த வழியே நுழைவது குறையும். இன்னொரு ஏமாற்றமும் உண்டு. செலினைட் புரதங்களின் கந்தகத் தொகுதிகளோடு நேரடியாகவே பிணைந்து வெறுமனே ஒட்டிக்கொள்ளும். மாதிரியை மெர்காப்டோஎத்தனாலோடு கொதிக்கவைத்த பிறகும் நிற்கும் பட்டையைத்தான் நம்பலாம்.

அடையாளம் குழம்பும் வழி பயனற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. படிகத்தில் எக்ஸ் கதிரைச் செலுத்திப் புரதத்தின் வடிவத்தைக் காண்போருக்கு அது பெரும் கொடை. 1990 வாக்கில் ஹென்ட்ரிக்சன் குழு, மெத்தியோனின்கள் எல்லாவற்றையும் செலினோமெத்தியோனினாக மாற்றி, செலினியம் கதிரை உறிஞ்சும் 12.66 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எல்லையைச் சுற்றி அளவெடுக்கும் முறையை நிலைநாட்டியது. இன்றைய வழக்கம் இது: தூய உப்புகளும் சர்க்கரையும் மட்டும் கொண்ட ஊடகத்தில் பாக்டீரியா 0.6 ஒளி அடர்த்தி எட்டியதும் லைசின், திரியோனின், பினைல்அலனின் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதமும், லூசின், ஐசோலூசின், வேலின் 50 மில்லிகிராம் வீதமும், செலினோமெத்தியோனின் 60 மில்லிகிராமும் சேர்த்து, 15 நிமிடம் காத்திருந்து, பிறகு புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி. விட வேண்டும். அந்த அமினோ அமிலங்கள் பாக்டீரியா தானே மெத்தியோனின் செய்வதை அடக்குகின்றன. காத்திருக்கும் 15 நிமிடத்தைத் தவிர்ப்பவருக்குப் பாதி மாறிய புரதமே கிடைக்கும். மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைமானியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 46.9 டால்டன் கூடும். ஆறு மெத்தியோனின் என்றால் 281 கூட வேண்டும். கூடுதலாக 16, 32 என்று தெரிந்தால் செலினியத்தில் ஆக்சிஜன் ஏறிவிட்டது. சுத்திகரிப்புக் கரைசல்களில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் 5 மில்லிமோலார் டி.டி.டி. விடத் தவறியிருப்பீர்கள்.

கட்டளைப்படி அமரும் வழியையும் மனிதர் வசப்படுத்தியாயிற்று. 1999இல் சுவீடனில் ஆர்னர் குழு, எலியின் தயோரெடாக்சின் ரிடக்டேஸை ஈ.கோலியில் செய்வித்தது. அந்த நொதியில் செலினோசிஸ்டைன் கடைசிக்கு முந்திய இடத்தில் இருப்பதால், பாக்டீரியா எதிர்பார்க்கும் மடிப்பை யு.ஜி.ஏ.வுக்குப் பின்னால் ஒட்டினாலும் புரதத்தின் எழுத்து வரிசை கெடவில்லை. கூடவே செல்-ஏ, செல்-பி, செல்-சி மூன்றையும் மிகுதியாக உற்பத்தி செய்யவைத்தார்கள். அப்படியும் கிடைத்ததில் ஒரு பகுதிதான் முழுப் புரதம், மிச்சம் யு.ஜி.ஏ.விலேயே அறுந்தது. அந்த இடத்தில் நிறுத்தும் காரணி ஆர்.எஃப்.-2 செல்-பி-யோடு போட்டி போடுவதுதான் காரணம். நடுவில் செலினோசிஸ்டைன் உள்ள புரதத்துக்கு இந்த உத்தி எளிதில் ஒத்துவராது; மடிப்பைப் புகுத்தினால் பக்கத்து அமினோ அமிலங்களும் மாறிவிடும்.

மருத்துவமனை, உணவு ஆய்வகங்களில் பணிபுரிவோருக்கு ஒரு வார்த்தை. சால்மொனெல்லாவைத் தேடப் பயன்படும் செலினைட் பிராத்தில் லிட்டருக்கு 4 கிராம் சோடியம் ஹைட்ரஜன் செலினைட் இருக்கிறது; அதாவது ஏறத்தாழ 26 மில்லிமோலார். மேலே ஈ.கோலிக்குத் தேவை என்று சொன்ன அளவைப்போல் இருபத்தாறாயிரம் மடங்கு. அங்கே ஊட்டமாக இருந்த அதே பொருள் இங்கே ஈ.கோலியை அடக்கும் நஞ்சு. இந்தப் பிராத்தை ஆட்டோகிளேவில் இடக்கூடாது. கொதிநீராவியில் பத்து நிமிடம் போதும். அதிகம் சூடேறினால் செலினியம் சிவப்பு வண்டலாகப் படியும். அந்தக் குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். விதைத்த 18 முதல் 24 மணி நேரத்துக்குள் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்; பிந்தினால் அடங்கியிருந்த கோலிஃபார்ம்கள் தலைதூக்கும். கர்ப்பிணிப் பணியாளர்கள் இந்தத் தூளை எடை போடாமல் இருப்பது நல்லது. மிச்சத்தைக் கழுவு தொட்டியில் ஊற்றாமல், நச்சுக் கழிவுக் கலத்தில் சேர்க்க வேண்டும்.

குடல் நோய் தரும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலும் ஸ்டாட்மனின் பாக்டீரியாவைப் போலவே செலினியம் ஏற்றிய கிளைசின் ரிடக்டேஸையும் புரோலின் ரிடக்டேஸையும் நம்பி வாழ்கிறது. மூட்டுவாதத்துக்குப் பயன்பட்ட ஆரனோஃபின் என்ற தங்க மருந்து, அது செலினியத்தைப் பயன்படுத்துவதைத் தடுத்து வளர்ச்சியை நிறுத்துகிறது என்று 2009இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். சேற்றுப் பாக்டீரியாவில் தொடங்கிய வேலை எங்கே போய் நிற்கிறது என்று காட்ட, தங்கள் கட்டுரைக்கு இது மாத்திரை விளம்பரத்தைவிடப் பொருத்தமான முடிவாக இருந்திருக்கும்.

கடைசியாக ஆறாம் படிவ ஆசிரியர்களுக்கு. மலேசிய ஆறாம் படிவத் தேர்வான எஸ்.டி.பி.எம். விடைத்தாளில் யு.ஜி.ஏ. ‘நிறுத்து’ என்று எழுதுவதுதான் மதிப்பெண் தரும். அதை மாற்றச் சொல்லவில்லை. கோடான் (மூன்றெழுத்துக் குறி) அட்டவணையைக் கரும்பலகையில் வரையும்போது யு.ஜி.ஏ. கட்டத்தின் ஓரத்தில் ஓர் உடுக்குறி போட்டு, கீழே இப்படி எழுதிவையுங்கள்: ‘பின்னால் குறிப்பிட்ட மடிப்பு இருந்தால் செலினோசிஸ்டைன், 21ஆவது அமினோ அமிலம், குறி எழுத்து யு.’ மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘அப்படியானால் 22ஆவதும் உண்டா?’ என்பதாக இருக்கும். உண்டு, பைரோலைசின், 2002இல் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரில் கண்டது, அதுவும் மற்றொரு நிறுத்தற்குறியான யு.ஏ.ஜி.யில்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆய்வகப் பணியாளர்கள் இருவர்,
கெலுகோர், பினாங்கு.